கூமுட்டையை உடைத்துப் பாருங்கள்

நம் ஊரில் யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமென்றால் "போடா கூமுட்டை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். அடையில் வைத்தும் குஞ்சாகாமல் கெட்டுப்போன முட்டைதான் கூமுட்டை. எதற்கும் உதவாதது என்று அர்த்தம். இந்த வசவில் எனக்கு உடன்பாடு இல்லை. கோழி வளர்ப்பவருக்குக் கூமுட்டையைப் போலப் பாடம் சொல்லும் வாத்தியார் வேறு யாரும் கிடையாது. நாம்தான் அந்த வாத்தியாரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை குப்பையில் கொட்டிவிட்டு, "இந்தத் தடவையும் ராசியில்லை" என்று கையைக் கழுவிக்கொள்கிறோம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், கவரைப்பேட்டை, பொன்னேரி, ஆரம்பாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் இன்குபேட்டர் இருக்கிறது. ஒரு தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு அல்லது ஹீட்டர், கம்ப்யூட்டரில் இருப்பது போல ஒரு சின்ன விசிறி, சிவப்பு எழுத்தில் டிகிரி காட்டும் கண்ட்ரோலர். அவ்வளவுதான் இயந்திரம். சிப்காட்டில் என்னைப் போல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஒப்பந்த வேலை போனவர்கள், சுய உதவிக் குழுவில் கடன் வாங்கிய பெண்கள் என்று பலரும் வாங்கி வைத்திருக்கிறார்கள். 250 நாட்டுக்கோழிகளோடு பண்ணை வைக்க அரசாங்கம் பாதி மானியம் கொடுத்த திட்டமும் நாட்டுக்கோழி மேல் ஆசையை வளர்த்திருக்கிறது. ஆசை தப்பில்லை. ஆனால் அறுபது முட்டை வைத்துப் பத்துக் குஞ்சு எடுத்தவர்கள், இரண்டாவது தடவையும் அப்படியே ஆனதும், பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பரண்களில் இன்குபேட்டர் தூங்குகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு முட்டைதான் என்றால் இன்குபேட்டரே வேண்டாம். நம் சிறுவிடைக் கோழியைவிடச் சிறந்த இயந்திரத்தை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. சூடு, ஈரம், புரட்டிவிடுவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். கரண்டு பில்லும் வராது. ஆனால் அடையில் உட்கார்ந்த கோழி முட்டையிடாது. குஞ்சு பொரித்த பிறகும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் திரியும். அந்தக் காலத்தை மிச்சம் பிடித்து அதை மறுபடி முட்டையிட வைக்கத்தான் இன்குபேட்டர். ஆகவே முப்பது, ஐம்பது என்று முட்டை சேருகிற வீட்டுக்குப் பெட்டி தேவைதான். பெட்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். அங்கே எனக்கு மேலே இருந்த பெரியவர் ஒருவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ரிஜெக்ட் ஆன வார்ப்பை அறுத்துப் பார்க்காமல் மறுபடி உலையில் போடக்கூடாது. ஒரு மழைக்காலத்தில் வார்ப்புகள் வரிசையாக ரிஜெக்ட் ஆயின. இரவு ஷிப்டில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் சரியாக ஊற்றவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவரை நிறுத்தவும் பேச்சு நடந்தது. பெரியவர் நான்கு வார்ப்புகளை அறுக்கச் சொன்னார். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டைகள். அச்சு மணலில் ஈரம் அதிகம். உருகிய இரும்பு பட்டதும் ஆவியாகி ஓட்டை போட்டிருக்கிறது. மணல் கொட்டகையின் கூரை ஒழுகியதற்கு அந்த ஆள் என்ன செய்வார்? அன்று நான் கற்றது இதுதான்: காரணத்தைத் தேடாத இடத்தில் பழி தானாகக் கிளம்பிவிடும். அது எப்போதும் அங்கே இருப்பவர்களில் எளியவர் யாரோ அவர் தலையில்தான் போய் இறங்கும்.

முட்டை விஷயத்திலும் அதுவேதான் என்று போன வருஷம் கண்ணால் பார்த்தேன்.

பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் ஒரு ஊர். எனக்குப் பழக்கமான குடும்பம். அறுபது முட்டை வைத்ததில் பதினோரு குஞ்சுதான் வந்தது. போயிருந்தபோது அந்த அம்மா மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருந்தார். "ராசியில்லாத கைண்ணா. தீட்டு நாள்ல மருமக பெட்டியத் தொறந்துட்டா. அதான் எல்லாம் கூமுட்டையாப் பூடுச்சு" என்றார். மருமகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பி.காம். படித்தவள். ஸ்ரீ சிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், குழந்தை பிறந்த பிறகு நின்றுவிட்டாள். இன்குபேட்டர் வாங்கலாம் என்று சொன்னதே அவள்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

மீதி முட்டைகளை இன்னும் கொட்டவில்லை என்றார்கள். இருபத்து மூன்றாம் நாள் முடிந்திருந்தது. ஒவ்வொன்றையும் செல்போன் வெளிச்சத்தில் வைத்து, அசைவு ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, தோட்டத்தில் பழைய செய்தித்தாள் விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். நாற்பத்தொன்பது முட்டைகளையும் உடைத்தோம்.

பதினாறில் கருவே இல்லை. அதில் பதின்மூன்று கடையில் வாங்கியவை. அந்தப் பெண் முட்டை வாங்கிய இடத்தையெல்லாம் பென்சிலால் ஓட்டின் மேல் குறித்து வைத்திருந்தாள், அதனால் தெரிந்தது. நான்கில் இரத்த வளையம். இரண்டு அழுகல். மீதி இருபத்தேழும் முழுக் குஞ்சுகள், ஓட்டுக்குள்ளேயே செத்தவை. அந்த இருபத்தேழில் பத்தொன்பது ஒரே மாதிரி: முட்டையின் மழுங்கிய பக்கத்தில் இருக்கவேண்டிய காற்றறை மிகச் சிறியது, குஞ்சு நீர் கோத்து உப்பியிருந்தது, உடைத்தவுடன் தண்ணீர் வடிந்தது. ஐந்து குஞ்சுகளின் தலை முட்டையின் கூர்ப்பக்கம் இருந்தது. மூன்றுக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

பத்தொன்பதாவதை உடைத்தபோது அந்த அம்மாவே கேட்டார்: "இன்னாண்ணா இது, தண்ணியில ஊறிப்போன மாதிரி கீது?"

பெட்டியைப் போய்ப் பார்த்தோம். மூடியின் மேல் விற்றவர் ஒட்டிய சீட்டு: "இரண்டு தட்டிலும் எப்போதும் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும்." முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அந்தப் பெண் அதை ஒரு சொட்டுக் குறையாமல் செய்திருக்கிறாள். கடலோரத்து ஈரக்காற்றில் இரண்டு தட்டுத் தண்ணீர். குஞ்சுகளைக் கொன்றது தீட்டு இல்லை, அந்தச் சீட்டுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அடைகாக்கும் நாட்களில் அதன் வழியாக நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக வேண்டும். நீர் போன இடத்தில் காற்றறை பெரிதாகும். பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு தன் அலகால் முதலில் அந்தக் காற்றறைக்குள்தான் குத்தி, வாழ்க்கையின் முதல் மூச்சை இழுக்கிறது. அதன் பிறகுதான் ஓட்டைக் கொத்தும். நீர் போதுமான அளவு வெளியேறாவிட்டால் காற்றறை சின்னதாக நின்றுவிடும். குஞ்சு மூச்சுக்கு இடமில்லாமல் தன் நீரிலேயே மூழ்கும். நீர் அளவுக்கு மீறிப் போய்விட்டால் உள்சவ்வு காய்ந்து தோல் போல இறுகி, குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டு திரும்ப விடாது. இரண்டும் சாவுதான். உடைத்துப் பார்த்தால் மட்டுமே எது என்று தெரியும்.

பதினெட்டு நாளில் முட்டை தன் எடையில் நூற்றுக்குப் பதினொன்று முதல் பதின்மூன்று பங்கு குறைய வேண்டும் என்பது கணக்கு. வீட்டில் சமையல் தராசு இருந்தால் போதும். பத்து முட்டைகளைச் சேர்த்து எடை போட்டு எழுதி வையுங்கள். முதல் நாள் 450 கிராம் என்றால், ஏழாம் நாள் சுமார் 430, பதினெட்டாம் நாள் 395, 400க்குள் வர வேண்டும். குறையவில்லை என்றால் தண்ணீரை எடுங்கள். ரொம்பக் குறைந்தால் தண்ணீரைக் கூட்டுங்கள். எந்த விற்பனையாளர் சீட்டையும்விட இந்தத் தராசு உண்மை பேசும்.

பொதுவாகச் சொல்லும் அளவு, முதல் பதினெட்டு நாள் 50, 55 சதவீத ஈரப்பதம், கடைசி மூன்று நாள் 65, 70. அளவு சரி. ஆனால் அதை எட்ட எத்தனை தட்டுத் தண்ணீர் என்பது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். 30 டிகிரியில் 75 சதவீத ஈரம் உள்ள கடற்கரைக் காற்றைப் பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே ஏறக்குறைய 50 சதவீதம் நிற்கும். அதே பெட்டியைத் தை மாதக் குளிரில் வைத்தால் 30, 35க்கு இறங்கிவிடும். பழவேற்காட்டுக்காரருக்கும் திருத்தணிக்காரருக்கும் ஒரே சீட்டு எப்படிப் பொருந்தும்?

இனி மற்ற முட்டைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

உடைத்தால் மஞ்சள் கரு வழக்கம் போல இருக்கிறது, இரத்தமே இல்லை. பெரும்பாலும் கரு கூடாத முட்டை. இயந்திரத்தின் மேல் குற்றமில்லை, சேவலைப் பாருங்கள். எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் வேண்டும். கிழட்டுச் சேவலும், கொழுத்துப்போன சேவலும் காட்சிக்குத்தான். கடையில் "நாட்டுக்கோழி முட்டை" என்று வாங்கி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சேவலையே பார்க்காத பண்ணைக் கோழியும் பழுப்பு முட்டையிடும். நிறத்தை நம்பாதீர்கள். முட்டை எங்கே, எந்தக் கோழியிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் மட்டும் வையுங்கள்.

மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூல் சுற்றியது போல ஒரு வளையம். கரு உண்டாகி முதல் வாரத்துக்குள் செத்தது. வண்டியில் குலுங்கி வந்திருக்கலாம். பெட்டி திடீரென்று சூடேறியிருக்கலாம். நம் பக்கத்தில் முக்கியக் காரணம் முட்டையைச் சேர்த்து வைக்கும் விதம். ஏழு நாளுக்கு மேல் சேர்க்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது 15, 18 டிகிரியில் வைத்தால் உள்ள கணக்கு. சித்திரையில் நம் சமையலறையே 35 டிகிரி. அந்தச் சூட்டில் கரு முழுத் தூக்கமும் இல்லாமல் முழு விழிப்பும் இல்லாமல் அரைகுறையாக வளர்ந்து நலிந்துபோகும். வெயில் காலத்தில் மூன்று நாலு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைப்பதும் சரியில்லை. அது இந்த வேலைக்கு மிகவும் குளிர். நம் பாட்டிமார் செய்தது போல ஈர மணலில் பாதி புதைத்த மண்பானையில், கூர்ப்பக்கம் கீழே இருக்க வைப்பது நல்லது. வெளியூரிலிருந்து பைக்கில் கொண்டுவந்த முட்டையை ஒரு நாள் ஓய்வாக வைத்து, அப்புறம் பெட்டியில் ஏற்றுங்கள்.

நடு நாட்களில், அதாவது எட்டிலிருந்து பதினாலுக்குள், செத்தவை பொதுவாகக் குறைவாகத்தான் இருக்கும். அதுவே நிறைய இருந்தால் தாய்க்கோழியின் தீவனத்தில் சத்துக் குறைவு என்று சந்தேகப்படலாம். வெறும் அரிசி நொய் மட்டும் தின்ற கோழியின் முட்டை, அந்தக் குஞ்சுக்கு மூன்று வாரத்துக்கான கட்டுச்சோறு ஆகாது. கீரையும், பூச்சி புழுவும், கொஞ்சம் நல்ல தீவனமும் கோழிக்கு வேண்டும்.

தலை கூர்ப்பக்கம் இருந்தால், முட்டையைத் தட்டில் தலைகீழாக அடுக்கியிருக்கிறீர்கள், அல்லது சரியாகப் புரட்டவில்லை. காற்றறை இருக்கும் மழுங்கிய பக்கம் மேலே இருக்க வேண்டும். படுக்க வைத்தாலும் பரவாயில்லை. கையால் புரட்டுகிறவர்கள் ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை. ஒற்றைப்படை எதற்கென்றால், இரவில் நெடுநேரம் கிடக்கும் பக்கம் தினமும் மாறிக்கொண்டே இருக்கும். பதினெட்டாம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

ஓட்டைக் கொத்தி மூக்கை வெளியே காட்டிவிட்டுச் செத்தது என்றால், பெரும்பாலும் நம் ஆவல்தான் காரணம். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட மூடியைப் பத்துத் தடவை திறந்தால் ஈரம் ஓடிவிடும், சவ்வு குஞ்சின் மேல் காய்ந்துவிடும். சூடு வெளியே போகக்கூடாது என்று காற்றுத் துளைகளில் துணி அடைப்பவர்களும் உண்டு. கடைசி நாட்களில் குஞ்சுகளுக்குத்தான் மூச்சுக்காற்று அதிகம் வேண்டும். கொத்திய பிறகு முழுதாக வெளியே வர பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஒரு நாள் முழுக்கவும் ஆகலாம். பாவம் என்று ஓட்டை உரித்துவிடாதீர்கள். இரத்த நாளங்கள் வற்றவும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடவும் அதற்கு அந்த நேரம் தேவை. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசியும், குஞ்சு பிழைக்காது.

குஞ்சு வரும் நாளும் சாட்சி சொல்லும். பத்தொன்பதிலேயே வரத் தொடங்கி, தொப்புள் ஆறாமல் இருந்தால் பெட்டி சூடு அதிகம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று இழுத்தால் சூடு குறைவு.

சூடு என்றதும் எல்லோரும் கண்ட்ரோலரைக் காட்டுவார்கள். "சிவப்பு எழுத்துல 37.5 இருக்கு சார்." இருக்கட்டும், அந்த எழுத்து உண்மை என்று யார் சொன்னது? உணரி பல்புக்கு நேரே தொங்கினால் ஒரு கணக்கு, மூலையில் தொங்கினால் வேறு கணக்கு. தொழிற்சாலையில் எந்த மீட்டரையும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நாங்கள் நம்பியதில்லை. வீட்டில் செய்ய எளிய வழி இருக்கிறது. ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் பெட்டித் தெர்மாமீட்டரின் முனையையும் சேர்த்து வையுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 37.5 என்பது 99.5 பாரன்ஹீட். பிள்ளைக்கு இருந்தால் கவலைப்படுவோம், முட்டைக்கு அதுதான் ஆரோக்கியம். விசிறி இல்லாத பெட்டியானால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வாக்கில் இருக்க வேண்டும். ஈரமானியைச் சோதிக்க, ஒரு மூடியில் சமையல் உப்பைச் சேறு மாதிரி நனைத்து, இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும்.

இந்தச் சூடு பார்க்கும் கதைக்குப் பழைய வரலாறு உண்டு. எகிப்தில் மிகப் பழைய காலத்திலேயே செங்கல் அடுப்பு அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தார்கள். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டை அறிந்தார்கள். அந்த வித்தை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரெயோமூர் என்ற அறிஞர் அதைத் தெர்மாமீட்டர் வைத்துச் செய்து பார்த்து, 1749இல் புத்தகமே எழுதினார். 1722இல் இரும்பை எஃகாக்குவதைப் பற்றி எழுதியவரும் அவர்தான். இரும்புத் தொழிலிலிருந்து முட்டைக்கு வந்தவன் நான் ஒருவன் மட்டுமில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

நம் வட்டாரத்துக்கென்று இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று வெயில். இந்தப் பெட்டிகளுக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 40 டிகிரியில் பெட்டியை வைத்தால், பல்பு அணைந்தே இருந்தாலும் உள்ளே 40 டிகிரிதான். கண்ட்ரோலரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரையில் வையுங்கள். இல்லையென்றால் அக்னி நட்சத்திரத்தில் முட்டையே வைக்காதீர்கள்.

இன்னொன்று கரண்டு. அடிக்கடி வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால், பல்பின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கரண்டே போனால் பதறாதீர்கள். கருவைப் பொறுத்தவரை சூட்டைவிடக் குளிர் பரவாயில்லை. தாய்க்கோழியும் இரை தேட எழுந்து போகிறதுதானே. மூடியைத் திறக்காமல், காற்றுத் துளையை விட்டுவிட்டு மேலே கம்பளி போர்த்துங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வழியும் இல்லை, உண்மைதான். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் முட்டை வைப்பவர்கள் வீட்டில் ஒரு அடைக்கோழியையும் தயாராக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

என் யோசனைக்கு எதிர்ப்பும் வந்தது. என் வயதுக்காரர் ஒருவர், "செத்த குஞ்சை உடைத்துப் பார்ப்பது பாவமில்லையா?" என்றார். நியாயமான கேள்வி. இருபத்து மூன்றாம் நாள் வரை பொறுத்து, வெளிச்சத்தில் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, உயிரில்லை என்று உறுதியான பிறகுதான் உடைக்கச் சொல்கிறேன். காரணம் தெரியாமல் அடுத்த மாதம் இன்னும் அறுபதை வைத்து, அதே விதமாகச் சாகவிடுவதுதான் எனக்குப் பாவமாகப் படுகிறது. நாற்றம் பற்றிப் பயப்படுபவர்கள், வியர்த்துக் கசியும் அழுகல் முட்டையை மட்டும் உடைக்காமல் புதைத்துவிடுங்கள், அது வெடிக்கும். மற்றதைத் திறந்த வெளியில், மூக்கை மூடிக்கொண்டு உடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடும் வழக்கம் இருக்கிறதே, இடிக்குப் பயந்து, அதையும் விட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு நம்பிக்கை வீட்டில் உள்ள ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்குகிறது என்றால், அதை விட்டுவிடத்தான் வேண்டும். இரும்புத் துண்டும் தீட்டுப் பேச்சும் ஒன்றில்லை.

பெட்டி விற்பவர்களுக்கும் பயிற்சி கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "நூற்றுக்குத் தொண்ணூறு பொரியும்" என்று சொல்லி விற்காதீர்கள். கரு கூடிய முட்டைகளில் நூற்றுக்கு எண்பது வீட்டுப் பெட்டியில் வந்தாலே அது நல்ல பலன். பெட்டியோடு ஒரு தாள் கொடுங்கள்: பொரிக்காத முட்டையை உடைத்தால் இப்படி இருந்தால் இது காரணம் என்று, படத்தோடு, தமிழில். மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நந்தனம் கோழி ரகங்களை உருவாக்கிய பல்கலைக்கழகம். கோழி வளர்ப்புப் பயிற்சி எங்கே நடந்தாலும், குஞ்சு பொரிப்பதைக் காட்டுவதோடு நிறுத்தாமல், பொரிக்காததை உடைத்துக் காட்டவும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஜெயித்ததை யார் வேண்டுமானாலும் காட்டலாம். தோற்றதைக் காட்டினால்தான் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிழைப்பார்கள்.

பொன்னேரிப் பக்கத்து வீட்டில் அடுத்த தடவை நாற்பத்தெட்டு முட்டை வைத்தார்கள். கடை முட்டை ஒன்றுகூட இல்லை. ஒரு சின்ன ஈரமானி வாங்கினார்கள். பதினெட்டு நாள்வரை ஒரு தட்டில் பாதித் தண்ணீர், கடைசி மூன்று நாள் மட்டும் இரண்டு தட்டு. முப்பத்து மூன்று குஞ்சுகள் வந்தன. மாமியார் மருமகளிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் வீடுகளில் அதெல்லாம் வழக்கமில்லை. ஆனால் எடை, ஈரம், சூடு எழுதும் நோட்டு மருமகளிடம்தான் இருக்கிறது. பெட்டியைத் திறக்கலாமா என்று அந்த அம்மா இப்போது அவளைத்தான் கேட்கிறார், மாதத்தின் எந்த நாளானாலும்.